பாடாத ரேடியோ

என்னிடம் ஒரு ரேடியோ இருக்கிறது. அது பாடாது, செய்தி சொல்லாது, கரகரப்பது கூட இல்லை. சட்டைப் பையில் அடங்குகிற கறுப்புப் பெட்டி. பக்கவாட்டில் சுழற்றுகிற பல் சக்கரம் இருக்கிறது, பின்னால் பற்றரி போடும் மூடி இருக்கிறது, உள்ளே ரேடியோ மட்டும் இல்லை. ஒலிபெருக்கி இருந்த இடத்தில் இரண்டு கண்ணாடி வில்லைகளும், அவற்றுக்குப் பின்னால் நெருப்புப்பெட்டி அளவில் ஒரு பச்சைப் பலகையும் இருக்கின்றன. இதைச் செய்தவரை நாங்கள் சேர் என்று அழைத்தோம். வீடு மாறும் ஒவ்வொரு முறையும் இதை எறிந்துவிடலாம் என்று கையில் எடுப்பேன். பிறகு பழைய துணியில் சுற்றி மறுபடியும் அலுமாரியில் வைத்துவிடுவேன். இதை வைத்திருப்பது அவர்மீதுள்ள கோபத்தாலா, மரியாதையாலா என்று கேட்டால் எனக்கே சரியாகச் சொல்லத் தெரியாது.

அது தொண்ணூறுகளின் பிற்பகுதி. மலையகத்தில், அட்டனில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தின் மின்னணுப் பிரிவில் நான் பட்டறை உதவியாளராக இருந்தேன். கருவிகளைப் பூட்டித் திறப்பது, பலகைகளில் ஈயம் வைத்துக் கொடுப்பது, மாணவர்கள் சுட்டுக்கொண்ட விரலுக்கு மருந்து போடுவது எல்லாம் என் வேலை. சேர் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த போதனாசிரியர். என்னைவிட சில வயதுதான் மூத்தவர். வந்த முதல் வாரமே குளிர் அவரைப் பிடித்துக்கொண்டது. காதை மூடும் குரங்குத் தொப்பியோடுதான் வகுப்பெடுப்பார். “இந்தக் குளிருக்குள்ள சனம் எப்பிடித்தான் சீவிக்குதோ” என்பார். “வேல செஞ்சா குளிராதுங்க சேர்” என்று நான் சொல்வேன். அவர் ‘ஓம்’ என்றால் நான் ‘ஆமாங்க’ என்று திருத்துவேன். நான் ‘போறோங்க’ என்றால் அவர் அதை இழுத்து இழுத்துச் சொல்லிக் காட்டுவார். நாங்கள் இரண்டு பேருமே தமிழர்தான். ஆனால் அடையாள அட்டையில் அவர் பிறந்த ஊரைப் பார்த்தவுடன் சோதனைச் சாவடியில் முகங்கள் மாறும் விதம் வேறு. அதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வார்.

என் அக்கா டிக்கோயாவைத் தாண்டி ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்தாள். அவளுடைய லயம் செங்குத்தான ஒரு மலையின் அடியில் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் தொழிலாளருக்குக் கட்டிய காம்பரா வரிசை, குடும்பத்துக்கு ஓர் அறை. அந்த வருடத்து மழைக்குப் பிறகு லயத்துக்கு மேலே, தேயிலைச் செடிகளுக்கு நடுவில், மண் பிளந்து கிடந்தது. ஆள் கால் உள்ளே இறங்குகிற அகலம். தோட்டத்தை நிர்வகிக்கிற துரை வந்து பார்த்தார். மண்ணைப் போட்டு மூடச் சொல்லிவிட்டுப் போனார். வேறிடத்தில் லயம் கட்டித் தரச் சொல்லிக் கேட்டவர்களுக்கு, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு வழியாகப் பதில் வந்தது. அக்கா இதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளுக்கு எதைச் சொன்னாலும் சிரித்துச் சொல்லித்தான் பழக்கம். அடுத்த நாள் பட்டறையில் சேரிடம் சொன்னேன். அவர் அந்த ஞாயிற்றுக்கிழமையே என்னோடு பஸ் ஏறிவிட்டார்.

தோட்டத்தில் அவர் வெடிப்பைப் பார்த்ததைவிட எதிர்ப்பக்கத்தைத்தான் அதிகம் பார்த்தார். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலை நின்றது. நாங்கள் ஸ்டோர் என்போம். கொழுந்து வாட்டுகிற மேல்மாடியின் ஜன்னல்கள் நேராக அக்காவின் லயத்தைப் பார்த்தபடி இருந்தன. “அங்கையிருந்து ஒரு லேசர் வெளிச்சத்தை இஞ்சால அடிச்சு, அது பட்டுத் திரும்பி வாற நேரத்தை அளந்தால் தூரம் தெரியும். தூரம் குறைஞ்சால் மலை இறங்குது எண்டு அர்த்தம்” என்றார். அக்கா தேநீரைக் கொடுத்துக்கொண்டே, “எங்க வீட்டு அடுப்பு எரியிறதும் அதுல தெரியுமாங்க?” என்று கேட்டாள். “அடுப்புத் தெரியாது அக்கா, நீங்கள் எங்களுக்குச் சீனி குறைச்சுப் போட்டது மட்டும் தெரியும்” என்றார் சேர். அவள் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள்.

பட்டறையில் வேலை தொடங்கியது. லேசர் டையோடு ஓர் அரிசிமணி அளவுதான். அதற்குள் மின்னோட்டத்தைக் கண் இமைப்பதைவிட எத்தனையோ மடங்கு குறுகிய நேரத்துக்குப் பாய்ச்சி உடனே நிறுத்த வேண்டும். அதைச் செய்கிற சுற்றுக்கு டிரைவர் என்று பெயர். எந்த டிரைவரைப் போடுவது என்பதில்தான் எல்லாமே இருந்தது. குறைந்த மின்னோட்டத்தில் ஓடுகிற சின்னது ஒன்று. அதற்கு ரேடியோ பற்றரி போதும், சூடேறாது, எதிரே நின்று பார்ப்பவர் கண்ணுக்கும் கெடுதலில்லை. ஆனால் அதிலிருந்து போகிற ஒளி மெலிந்தது. மற்றது பெரியது. மின்தேக்கியில் உயர்ந்த அழுத்தத்தை நிரப்பி ஒரே உதையில் டையோடுக்குள் தள்ளும். அதற்குத் தனிப் பற்றரி, கம்பிச் சுருள், தடித்த வயர்கள் எல்லாம் வேண்டும். வெயிலடிக்கிற நாளில் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்யும். பனிமூட்டம் இறங்கினால் சின்னதின் ஒளி போன வழியிலேயே கரைந்துவிடும், பெரியது முட்டிமோதியாவது திரும்பி வரும். சேர் இரண்டையும் மேசையில் வரைந்து காட்டிவிட்டுச் சின்னதைக் குறுக்கே வெட்டினார். “மழைக்குள்ளதான் மண் அசையும். மழைக்குள்ள பாக்க ஏலாத சாமான் என்னத்துக்கு?” என்றார். அந்தச் சொல்லை நான் மறக்கவில்லை. பின்னால் அதை மறக்க முடிந்திருந்தால் நல்லது என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

பெரிய டிரைவருக்கான பாகங்கள் கொழும்பில்தான் கிடைத்தன. அங்கே நண்பர் ஒருவருடைய பட்டறையில் இருந்தே அதைக் கட்டி முடித்துவிட்டு, பயணப் பையில் வைத்துக்கொண்டு சேர் பஸ்ஸில் திரும்பினார். வழியில் எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள். அதே பஸ்ஸில் வந்த எங்கள் நிலையத்துக் காவலாளிதான் பிறகு எனக்குச் சொன்னார். பைக்குள்ளிருந்து ஒரு பற்றரி வந்தது. வயர்கள் வந்தன. நேரம் எண்ணுகிற ஒரு பலகை வந்தது. பையைச் சோதித்தவர் இரண்டடி பின்னால் நகர்ந்துவிட்டாராம். சேர் தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், இது தோட்டத்தில் மண்சரிவு பார்க்கிற கருவி என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம். அவருடைய அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அதை யார் நம்புவார்கள்? நானே அந்த இடத்தில் சிப்பாயாக நின்றிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். அதுதான் அந்தக் காலம். பஸ் அவரை விட்டுவிட்டு வந்துவிட்டது.

அவரைக் காவலிலிருந்து மீட்க எங்கள் நிலையத்து அதிபர் அலையாத இடமில்லை. அந்த வருடத் தீபாவளியும் போய்ப் பொங்கலும் போன பிறகுதான் சேர் வந்தார். மெலிந்திருந்தார் என்று சொல்வது போதாது. யாராவது பேசினால் தலையைத் திருப்பி வலது காதைக் கொடுத்தார். இடது காது கேட்கவில்லை. உள்ளே என்ன நடந்தது என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அப்படிக் கேட்காமலிருப்பதை அந்த நாட்களில் நாகரிகம் என்று நினைத்தோம். பட்டறையில் யாராவது கதவைப் பலமாகச் சாத்தினால், ஈயம் வைக்கிற சூட்டுக்கோலை அப்படியே போட்டுவிட்டு எழுந்து சுவரோடு போய் நிற்பார்.

ஒரு வாரம் கழித்து அவர் தன்னுடைய சின்ன ரேடியோவை மேசைமீது வைத்துத் திருகாணிகளைக் கழற்றினார். இரவில் காதோடு வைத்து ஊர்ச் செய்தி கேட்கிற ரேடியோ அது. உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். பிறகு, முன்பு பரீட்சித்துப் பார்க்கச் செய்து அலுமாரியில் போட்டிருந்த அந்தக் குறைந்த மின்னோட்ட டிரைவரை எடுத்து, வெறும் கூட்டுக்குள் வைத்துப் பார்த்தார். கச்சிதமாக அடங்கியது. “சின்னது காணும், இதே போதும்” என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஆரும் கேட்டால் பழுதாப்போன ரேடியோ எண்டு சொல்லலாம்” என்றார். ஓர் அளவைக் கருவிக்கு டிரைவர் தேர்ந்தெடுக்கும்போது தூரம் பார்ப்பார்கள், சூடு பார்ப்பார்கள், பற்றரி எத்தனை நாள் வரும் என்று பார்ப்பார்கள். சோதனைச் சாவடியில் எதைப்போலத் தெரியும் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

நில அளவையாளர் ஒருவர் கழித்துவிட்ட கண்ணாடி ஒன்றை லயத்துக்கு மேலே ஒரு தூணில் பொருத்தினோம். ஸ்டோரின் மேல்மாடி ஜன்னலில் ரேடியோவை வைத்து, அதிலிருந்து வயர் இழுத்து மூன்று பல்புகள் போட்டோம். தூரம் மாறாமலிருந்தால் பச்சை. குறைந்தால் சிவப்பு. அப்போது ஸ்டோர்ச் சங்கை ஊதவேண்டும். ஒளி திரும்பி வரவில்லை என்றால் மஞ்சள். மஞ்சள் எரிந்தால் ஆபத்து என்றே வைத்துக்கொண்டு லயத்தைக் காலி செய்யவேண்டும் என்று, ஸ்டோர் பொறுப்பிலிருந்த டீமேக்கரிடம் சேர் பலமுறை சொன்னார். டீமேக்கர் நல்ல மனிதர், ஒவ்வொரு முறையும் தலையாட்டினார். மழையில்லாத அந்த மாதங்களில் பச்சை பச்சையாகவே எரிந்தது. “வெளிச்சமே கண்ணுக்குத் தெரியலயே, உங்க சேரு நெசமாவே எதையாச்சும் வச்சிருக்காரா?” என்று அக்கா என்னைச் சீண்டுவாள். அது கண்ணுக்குத் தெரியாத ஒளி என்று சொன்னால் நம்பமாட்டாள். ஆனால் லயத்தில் எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். யாரோ ஒருவர் மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதே அவர்களுக்குப் பெரிய விஷயமாக இருந்தது. அதுவரை யாரும் பார்த்ததில்லை.

மழை பிடித்தது. பனிமூட்டம் பள்ளத்தாக்கை நிரப்பியது. மஞ்சள் எரிந்தது. லயத்துச் சனங்கள் பாயையும் சட்டியையும் குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போனார்கள். மாலையில் பனி விலகப் பச்சை வந்தது. திரும்பி வந்தார்கள். மறுநாளும் மஞ்சள். அதற்கடுத்த நாளும் மஞ்சள். எங்கள் ஊரில் மழைக்காலம் என்றால் பனிமூட்டம் இல்லாத நேரத்தைத்தான் தேடவேண்டும். பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்த முடியவில்லை என்று பள்ளிக்கூடத்தில் முகம் சுளித்தார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு வராதவர்களிடம் கண்டாக்கு, “மஞ்ச லைட்டுக்கெல்லாம் பேரு போட முடியாது” என்று சொல்லிவிட்டார். பேர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சனங்கள் போவதை நிறுத்தினார்கள். டீமேக்கரும் ஆள் அனுப்புவதை நிறுத்தினார். “மஞ்சளுக்கெல்லாம் பயந்தா மலையில பொழைக்க முடியுமாடி?” என்று அக்கா என்னைக் கேட்டாள். நீ மட்டுமாவது அட்டனுக்கு வந்து என்னோடு இரு என்று கெஞ்சினேன். மகளுக்குப் பள்ளிக்கூடம், வளர்க்கிற கோழிகள், என்று ஆயிரம் காரணம் சொன்னாள்.

நான் சேரிடம் போனேன். “பெருசையே செஞ்சி போட்டுடலாங்களே சேர். நம்ம பட்டறையிலயே செய்யலாம். ஒங்க பேரு வேணாம், நான் கொண்டுபோய் வைக்கிறேன்” என்றேன். அவர் மேசையில் கிடந்த திருகாணிகளை ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். வலது காதுப் பக்கம்தான் நின்றேன், கேட்டிருக்கும். “தங்கிற இடத்துக்கு வந்து அடிக்கடி தேடுறாங்கள்” என்று, தான் தங்கியிருந்த அறையைப் பற்றிச் சொன்னார். பிறகு, “என்னை அதுக்குக் கேக்காதேங்கோ தங்கச்சி. என்னால ஏலாது” என்றார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. வேறு யாராவது செய்து தருவார்களா என்று நான் விசாரித்தேன். அப்படியொரு கருவியைச் செய்யத் தெரிந்தவர் அந்த மலைகளில் வேறு யாரும் இல்லை. இருந்திருந்தாலும் செய்திருக்க மாட்டார்.

அது மத்தியான வேளையில் நடந்தது. கொழுந்து நிறுத்துவிட்டுப் பெண்கள் சாப்பிட வீட்டுக்கு வந்திருந்த நேரம். வேலை நேரத்தில் பார்த்துக்கொள்ளப் பிள்ளைக்காம்பராவில் விட்ட குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். மலை வேறு நேரம் பார்த்திருக்கக் கூடாதா என்று நான் இன்றும் கேட்கிறேன். மேல்மாடியில் பல நாட்களாக மஞ்சள் பல்பு எரிந்தபடியே இருந்தது. சிவப்பு ஒருநாளும் எரியவில்லை. தூரம் குறைகிறது என்று சொல்வதற்கு ஒளி திரும்பி வரவேண்டுமே. ஸ்டோரிலிருந்தவர்களுக்குச் சத்தம்தான் கேட்டது. பனிமூட்டத்துக்குள் எதுவும் தெரியவில்லை. எந்த லயம் போனது என்று தெரியாமலே ஓடினார்களாம்.

நான் அட்டனிலிருந்து போய்ச் சேர்ந்தபோது லயம் இருந்த இடத்தில் சிவந்த சேறும் தேயிலைச் செடிகளும் கிடந்தன. செடிகள் வேரோடு, நட்டு வைத்ததுபோல நின்றபடியே இறங்கி வந்திருந்தன. அக்காவின் மகள் பள்ளிக்கூடத்தில் இருந்ததால் பிழைத்திருந்தாள். அவளை பக்கத்து லயத்துப் பெண் ஒருத்தியின் கையில் கொடுத்தேன். அக்கா இன்னும் மண்ணுக்குள் கிடந்தாள். நான் அப்போது செய்த காரியம் எனக்கே விளங்கவில்லை. மண்வெட்டியைத் தேடாமல், பள்ளத்தாக்கைச் சுற்றி ஓடி, ஸ்டோரின் மேல்மாடிக்கு ஏறினேன். ஜன்னலிலிருந்த ரேடியோவைப் பிடுங்கி சட்டைக்குள் ஒளித்துக்கொண்டேன். விசாரணைக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்தால் சேரை மறுபடியும் கொண்டுபோய்விடுவார்கள். அந்த நேரத்தில் அவர்மேல் எனக்கு இருந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனாலும் அவரைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. டீமேக்கர் பல்புகளைக் கழற்றினார்.

திரும்பி வந்தபோது சேர் வந்திருந்தார். செருப்பில்லாமல், தொப்பியில்லாமல், சேற்றை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டிருந்தார். மண்வெட்டி கொடுத்தவர்களிடம் வாங்கவில்லை. என்னைக் கண்டதும் நிமிர்ந்தார். “தெரிஞ்சுதான் சின்னதைப் போட்டனான் தங்கச்சி” என்றார். பொழுது சாயும் நேரத்தில் அக்காவை எடுத்தார்கள். அவளுடைய வலது கையில் சோற்றுப் பருக்கைகள் இருந்தன.

விசாரணைக்கு வந்தவர்கள் மேல்மாடியில் தொங்கிய வயர் எதற்கு என்று கேட்டார்கள். கொழுந்து வாட்டுகிற விசிறிக்கு என்று டீமேக்கர் சொன்னார். மலையில் வெடிப்பு எப்போது விழுந்தது, அதை யாரிடம் சொன்னார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. சேர் அந்தத் தவணை முடியும்வரை வகுப்பெடுத்தார். என்னைத் தங்கச்சி என்று அழைப்பதை நிறுத்தியிருந்தார். நானும் அவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. சில வருடங்கள் கழித்து, சண்டை சற்று ஓய்ந்து யாழ்ப்பாணப் பாதை திறந்ததும் ஊருக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். பிறகு அந்தப் பக்கம் நடந்ததெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவர் இருக்கிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. விசாரிக்க எத்தனையோ வழிகள் இருந்தன, நான் விசாரிக்கவில்லை. இல்லை என்று தெரிந்துவிட்டால் யார்மேல் கோபப்படுவது?

போர் முடிந்த வருடம் தீபாவளிக்கு அக்காவின் மகள் வந்தாள். கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறாள். அக்காவின் சிரிப்பு அப்படியே அவளிடம் இருக்கிறது. வந்தவுடன் பயணக் கதை சொன்னாள். இன்னும் வழியில் சோதிக்கிறார்களாம். “யாரும் கேக்கிறதுக்கு முன்னாடியே நானே பையத் தொறந்து காட்டிடுவேன் சித்தி, போன் பற்றரியக் கூடக் கழட்டிக் காட்டிடுவேன்” என்று பெருமையாகச் சொன்னாள். மறுநாள் இருவரும் தோட்டத்துக்குப் போய்விட்டு வந்தோம். எதிர்மலையில் அரசாங்கம் பெரிய பெட்டி ஒன்றை வைத்திருக்கிறது. எந்தப் பனியிலும் தூரம் அளக்குமாம். அது பார்க்கிற மலையின் அடியில் இப்போது ஒருவரும் குடியில்லை. வீட்டுக்கு வந்ததும் அந்த ரேடியோவைக் காட்டச் சொன்னாள். அது இருப்பது அவளுக்குத் தெரியும், அதன் கதை முழுவதும் தெரியாது. புதுப் பற்றரி போட்டேன். பலகையில் உயிர் இருந்தது. கண்ணுக்கு எதுவும் தெரியாது என்று சொன்னேன். “கேமராவுல தெரியும் சித்தி, டிவி ரிமோட்டுல பாத்திருக்கேன்” என்று போனை எடுத்து வில்லைக்கு முன்னால் பிடித்தாள்.

தெரிந்தது. போனின் சின்னத் திரையில், கத்தரிப்பூ நிறத்தில், மங்கலாக ஒரு புள்ளி. அதைச் செய்ய உதவிய நானே அதுவரை பார்த்ததில்லை. அவள் போனை இன்னும் கிட்டக் கொண்டுபோனாள்.

“இவ்ளோதானா சித்தி?”

“இவ்ளோதான்.”

“பெருசா ஒன்னு செய்யத் தெரியாதா அவருக்கு?”

“தெரியும். செஞ்சாரு.”

“அப்பறம் ஏன் இத வச்சாரு?”

“யாரும் கேக்காமலே பையத் தொறந்து காட்டிட்டு வந்தேன்னு நேத்து சொன்னியே,” என்றேன். “அதனாலதான்.”

அவள் சிரிக்கவில்லை. போனைக் கீழே வைத்தாள். நான் பற்றரிகளைக் கழற்றிவிட்டு, ரேடியோவைத் துணியில் சுற்றினேன்.